சிவப்பணுவுக்குள் ஒரு கரும்புள்ளி

ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டின் ஓரத்தில் வைத்து, இன்னொரு தகட்டின் விளிம்பைச் சாய்த்துப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தால், நாக்கு வடிவில் மெல்லிய படலம் படியும். லேப்களில் இதை ஸ்மியர் என்பார்கள். காய்ந்ததும் லீஷ்மன் சாயத்தை ஊற்றிச் சில நிமிடம் விட்டுக் கழுவி, ஒரு துளி எண்ணெய் வைத்து, நுண்ணோக்கியின் நூறு மடங்கு லென்ஸை இறக்கிப் பார்த்தால் சிவப்பணுக்கள் தெரியும். இளஞ்சிவப்பு வட்டங்கள், நடுவில் கொஞ்சம் வெளிறியிருக்கும், உள்ளே வேறொன்றும் இராது. சிலருடைய ரத்தத்தில் மட்டும், பொறுமையாகத் தேடிக்கொண்டே போனால், ஏதோ ஓர் அணுவின் ஓரமாகக் கருநீலப் புள்ளி ஒன்று தட்டுப்படும். கச்சிதமான வட்டம், ஏறத்தாழ ஒரு மைக்ரான் குறுக்களவு. ஹோவெல்-ஜாலி பாடி என்று அதற்குப் பெயர். அமெரிக்க உடலியலாளர் வில்லியம் ஹோவெல், பிரெஞ்சு ரத்தவியலாளர் ஜஸ்டின் ஜாலி ஆகிய இருவர் பெயரையும் சேர்த்து வைத்தது.

சில வகை ரத்தசோகைகளிலும் இந்தப் புள்ளி தென்படலாம். ஆனால் பெரும்பாலும் அது சொல்லும் செய்தி ரத்தத்தைப் பற்றியதே அல்ல. இடப்பக்க விலா எலும்புகளுக்கு அடியில் இருக்கும் மண்ணீரல் தன் வேலையை நிறுத்திவிட்டது என்பதே அந்தச் செய்தி. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்துகொண்டு, ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டு, வேலைக்கும் திரும்பிவிட்ட ஒருவரின் ஸ்மியரில் இந்தப் புள்ளி தெரிந்தால், அன்றிலிருந்து அவருக்கு வரும் எந்தக் காய்ச்சலையும் சாதாரணக் காய்ச்சலாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

புள்ளி எங்கிருந்து வருகிறது? மஜ்ஜையில் உருவாகும்போது சிவப்பணுவுக்கும் மற்ற செல்களைப் போல உட்கரு உண்டு. ரத்தத்துக்குள் இறங்குவதற்கு முன் அது தன் உட்கருவை வெளியே தள்ளிவிடுகிறது. பெரியவர் ஒருவரின் மஜ்ஜை நொடிக்கு ஏறத்தாழ 20 லட்சம் சிவப்பணுக்களை உண்டாக்குகிறது. இத்தனை வேகத்தில் நடக்கும் வேலையில், சிலவற்றில் டிஎன்ஏவின் துணுக்கு ஒன்று உள்ளேயே தங்கிவிடும். உங்களுக்கும் எனக்கும் தினமும் நடப்பதுதான் இது. அப்படியிருந்தும் நம் ஸ்மியரில் புள்ளி தெரியாததற்குக் காரணம், மண்ணீரல் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவிடுவதுதான்.

எடுக்கும் விதம் எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை. மண்ணீரலின் எடை 150 கிராம் அளவுதான். ஆனால் இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறக்குறைய 5 சதவீதம் அதன் வழியே போகிறது. உள்ளே சிவப்புக் கூழ் என்ற பகுதியில் ரத்தத்தின் ஒரு பங்கு குழாய்களை விட்டே வெளியேறி, விழுங்கணுக்கள் நிறைந்த நார்ப்பின்னலுக்குள் கசிகிறது. அங்கிருந்து மீண்டும் குழாய்க்குள் நுழைய வேண்டுமானால், குழாய்ச் சுவரின் செல்களுக்கு இடையே உள்ள பிளவுகள் வழியாகத்தான் நுழைய வேண்டும். சிவப்பணுவின் குறுக்களவு 7 முதல் 8 மைக்ரான். பிளவின் அகலமோ ஒன்றிரண்டு மைக்ரான்தான். இளமையான அணு உடலை நீட்டி, நெளித்து, அந்தப் பக்கம் போய்விடும். விறைத்துப்போன கிழட்டு அணு சிக்கிக்கொள்ளும். விழுங்கணு அதை உண்டுவிடும். மிச்சத் துணுக்கு உள்ள அணுவுக்கு நடப்பது வேறு. அணுவின் நெகிழும் உடல் பிளவைத் தாண்டிவிடும், விறைப்பான துணுக்கு பின்னால் தங்கிவிடும். துணுக்கு இருக்கும் இடம் மட்டும் கிள்ளப்பட்டுத் துண்டாகி விழ, அணுவின் சவ்வு தானே மூடிக்கொள்ளும். பிறகு அந்த அணு தன் 120 நாள் வாழ்வின் மிச்சத்தை வாழப் போய்விடும். பழத்தைச் சிதைக்காமல் புளியங்கொட்டையை மட்டும் நீக்கும் கை போல, நொடியில் எத்தனையோ அணுக்களுக்கு இந்த உறுப்பு இதைச் செய்துகொண்டிருக்கிறது.

மலேரியாவிலும் இதே வேலை நடக்கிறது. ஆர்ட்டிசுனேட் மருந்தால் செத்த ஒட்டுண்ணியைச் சிவப்பணுவுக்குள்ளிருந்து உருவி எடுத்துவிட்டு, அணுவை உயிரோடு அனுப்பிவைக்கிறது மண்ணீரல். அது இல்லாதவர்களுக்கு மருந்து சரியாக வேலை செய்தாலும், செத்த ஒட்டுண்ணிகள் நாள்கணக்கில் ரத்தத்தில் தெரிந்துகொண்டே இருக்கும்.

இவ்வளவு செய்யும் உறுப்பை, வெட்டி எடுத்தாலும் ஒன்றும் ஆகாத உறுப்பு என்றே மருத்துவம் நெடுங்காலம் நினைத்திருந்தது. 1952இல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரத்து மருத்துவர்கள் ஹெரால்ட் கிங், ஹாரிஸ் ஷூமேக்கர் இருவரும் எழுதிய கட்டுரைதான் அந்த நினைப்பை மாற்றியது. பிறவியிலேயே சிவப்பணுக்கள் சிதையும் நோய்க்காக மண்ணீரல் அகற்றப்பட்ட ஐந்து கைக்குழந்தைகளைப் பற்றியது அது. ரத்தசோகை தீர்ந்தது. ஆனால் பின்னால் அந்தக் குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல், ரத்தத்தில் கிருமி பரவுதல் என்று கொடுமையான தொற்றுகள் வந்தன. மண்ணீரல் அற்றவரைத் தாக்கும் அதிவேகத் தொற்று இன்று எல்லா மருத்துவ மாணவரும் படிக்கும் பாடம். காலையில் குளிரும் உடல்வலியுமாகத் தொடங்கி, ஒன்றிரண்டு நாளுக்குள் உயிரைப் பறித்துவிடக்கூடியது. சில நோயாளிகளில், கல்ச்சர் முடிவு வருவதற்கு முன்பே, சாதாரண ஸ்மியரில் சிவப்பணுக்களுக்கு இடையில் பாக்டீரியா மிதப்பது தெரியும். ஒரு மில்லிலிட்டரில் எத்தனை இருந்தால் அப்படிக் கண்ணில் படும் என்று நினைத்துப் பாருங்கள்.

மஜ்ஜை மாற்று சிகிச்சையில் யாரும் மண்ணீரலைத் தொடுவதில்லை. அதனால்தான், அதற்குப் பின் மண்ணீரல் செயலிழக்கும் சிக்கல் கண்ணில் படாமல் தப்பிக்கிறது.

சிகிச்சையின் போக்கு இதுதான். முதலில் கடுமையான கீமோ மருந்துகளாலோ, அவற்றோடு உடல் முழுவதற்குமான கதிர்வீச்சாலோ நோயாளியின் பழைய மஜ்ஜையை அழித்துவிடுவார்கள். பிறகு கொடையாளரின் மஜ்ஜையை அல்லது ரத்தத்திலிருந்து பிரித்த ஸ்டெம் செல்களைச் சாதாரண ரத்தம் ஏற்றுவது போலவே நரம்பில் ஏற்றுவார்கள். அந்தச் செல்கள் தாமாகவே எலும்புக்குள் வழி கண்டுபிடித்துக் குடியேறும். மருத்துவர் டொனால் தாமஸ் அமெரிக்காவின் கூப்பர்ஸ்டவுனில் 1950களில் தொடங்கி, பிறகு சியாட்டிலில் பல ஆண்டுகள் தோல்விமேல் தோல்வி கண்டு வளர்த்தெடுத்த வழி இது. 1990இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்தியாவில் 1983இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையிலும், 1986இல் வேலூர் சி.எம்.சி.யிலும் இது தொடங்கியது. வேலூரில் தலசீமியா குழந்தைகள் பலருக்கு வாழ்வு கொடுத்தது இந்தச் சிகிச்சைதான்.

மாற்று சிகிச்சை வெற்றி பெற்றபின் அந்த உடலில் யாருடையது எது என்று பார்த்தால் விசித்திரமாக இருக்கும். சிவப்பணுக்கள் கொடையாளருடையவை, ரத்த வகைகூடக் கொடையாளருடையதாக மாறிவிடலாம். வெள்ளையணுக்களும் அவருடையவை. மண்ணீரலின் சட்டகமும் ரத்தக் குழாய்களும் நோயாளியுடையவை. ஆனால் மண்ணீரலில் வேலை பார்க்கும் விழுங்கணுக்கள் மஜ்ஜையில் பிறப்பவை என்பதால், அவையும் மெல்ல மெல்லக் கொடையாளரின் வழித்தோன்றல்களாக மாறிவிடுகின்றன. அண்ணனுக்குத் தங்கை கொடையாளரானால், அண்ணனின் உறுப்புக்குள் தங்கையின் செல்கள் வேலை பார்க்கும். ஸ்மியரில் தெரியும் புள்ளி தங்கையின் டிஎன்ஏ. அதை நீக்காமல் விட்ட குறை அண்ணனின் மண்ணீரலுடையது.

சில நேரங்களில் வந்தேறிய வெள்ளையணுக்கள் புதிய உடலை அந்நியமாகக் கண்டு தாக்கத் தொடங்கும். மருத்துவமனை வார்டுகளில் இதை ஜி.வி.ஹெச்.டி. என்றே சொல்கிறார்கள். நாள்பட்ட வகை மாதங்கள் கழித்து வரும். தோல் இறுகும், கண்ணும் வாயும் உலரும், கல்லீரலும் நுரையீரலும் பாதிக்கப்படும். இவையெல்லாம் வெளியே தெரிகின்றன. மண்ணீரல் பாதிக்கப்பட்டால் வலி இல்லை, வீக்கம் இல்லை, எந்தப் புகாரும் இல்லை.

ஆஸ்திரியாவின் வியன்னா நகர மருத்துவர்கள் 1988இல் 'அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்' இதழில் இதைத் தெளிவாக எழுதினார்கள். பரவலான நாள்பட்ட ஜி.வி.ஹெச்.டி. உள்ளவர்களில் சிலருக்கு, உறுப்பு உடலுக்குள்ளேயே இருந்தும் செயலற்றுவிட்டது என்பது அவர்கள் கண்டது. இதைச் சோதிக்க ஒரு நேரடியான வழி உண்டு. டெக்னீஷியம் என்ற கதிரியக்கத் தனிமம் ஏற்றிய நுண்துகள்களை நரம்பில் செலுத்தினால், கல்லீரலின் விழுங்கணுக்களும் மண்ணீரலின் விழுங்கணுக்களும் அவற்றை உண்டு, படத்தில் இரண்டு உறுப்பும் ஒளிரும். செயலற்ற மண்ணீரல் உள்ளவரின் படத்தில் கல்லீரல் மட்டும் தெரியும், இடப்பக்கம் காலி. அதே ஆளுக்கு அல்ட்ராசவுண்டு எடுத்தால் மண்ணீரல் அங்கேயே இருக்கும், சில சமயம் சற்றுச் சுருங்கி. அந்த ரிப்போர்ட்டில் மண்ணீரலுக்கு நேராக 'நார்மல்' என்று அச்சாகியிருக்கும். இருக்கிறது என்று சொல்லும் சோதனையும் வேலை செய்கிறது என்று சொல்லும் சோதனையும் வேறு வேறு என்பதை நோயாளியின் குடும்பம் அறிந்திருக்க வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான்.

காரணம் ஜி.வி.ஹெச்.டி. மட்டுமல்ல. முழு உடல் கதிர்வீச்சு மண்ணீரலையும் சேர்த்தே தாக்குகிறது. கதிர்வீச்சு மண்ணீரலைச் சுருங்க வைக்கும் என்பது ஹாட்ஜ்கின் நோய்க்காக வயிற்றில் கதிர் வாங்கியவர்களிடம் 1980லேயே அறியப்பட்டது. தலசீமியா நோயாளிகளில் சிலர் மாற்று சிகிச்சைக்கு வரும்போதே மண்ணீரல் அகற்றப்பட்டவர்களாக இருப்பார்கள். இவை ஒன்றுமே இல்லாவிட்டாலும், மண்ணீரலின் வெள்ளைக் கூழைச் சுற்றியுள்ள விளிம்புப் பகுதியின், எதிர்ப்பொருள் சுரக்கும் பி-செல்கள் மீண்டும் நிறைய நெடுங்காலம் பிடிக்கும்.

அந்த விளிம்புச் செல்கள் ஏன் முக்கியம் என்பதற்கு நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியாவைப் பார்க்க வேண்டும். நிமோனியாவுக்கும் மூளைக்காய்ச்சலுக்கும் காரணமான இது நம்மில் பலர் மூக்கிலும் தொண்டையிலும் சாதுவாக வாழ்வது. அதன் உடலைச் சுற்றிச் சர்க்கரைச் சங்கிலிகளாலான வழவழப்பான உறை. அந்த உறையில் நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. விழுங்கணுக்களால் வழுக்கும் உறையைப் பிடிக்க முடியாது. மேலே எதிர்ப்பொருள் ஒட்டியிருந்தால்தான் பிடி கிடைக்கும். எதிர்ப்பொருள் நன்றாக ஒட்டிய கிருமியைக் கல்லீரலே தூக்கி எறிந்துவிடும். ஒட்டாமல் திரியும் கிருமியை ரத்தத்திலிருந்து அகற்ற மண்ணீரல்தான் வேண்டும். அங்கே ரத்தம் மெதுவாக நகர்கிறது, விழுங்கணுக்கள் நெருக்கமாக இருக்கின்றன. அதோடு, வெறும் சர்க்கரையைக் கண்டு உடனே எதிர்ப்பொருள் சுரக்கும் திறமை அந்த விளிம்புச் செல்களுக்கு உண்டு. மற்ற பி-செல்களுக்கு டி-செல்களின் உதவி தேவை. டி-செல்களுக்கோ புரதம்தான் தெரியும், சர்க்கரை தெரியாது.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்த விளிம்புப் பகுதி இன்னும் முதிர்ந்திருக்காது. அவர்களை நிமோகாக்கஸும், ஹிப் (ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயன்சா பி) என்ற கிருமியும் அதிகம் தாக்குவதற்கு அது ஒரு காரணம். மாற்று சிகிச்சை முடிந்தவர், நாற்பது வயதானாலும், இந்த விஷயத்தில் கைக்குழந்தையின் நிலைக்குத் திரும்பியவர்தான். 1979லேயே லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவர்கள் மஜ்ஜை மாற்றுக்குப் பின் வரும் நிமோகாக்கஸ் தொற்றுகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலான தொற்றுகள் முதல் சில வாரங்களில், வெள்ளையணு அற்ற நாட்களில் வருபவை. நிமோகாக்கஸ் அப்படியல்ல. எல்லாம் முடிந்தது என்று நோயாளி வீட்டுக்குப் போய், முடி வளர்ந்து, மாதங்களும் சில சமயம் வருடங்களும் கடந்தபின் வருகிறது.

அப்படியானால் தடுப்பூசி? இங்கே ஓர் அழகான விடை இருக்கிறது. வெறும் சர்க்கரையால் ஆன தடுப்பூசியை இவர்களுக்குப் போட்டால் பலன் குறைவு, ஏனென்றால் அதற்குப் பதில் சொல்ல வேண்டிய செல்கள்தான் இல்லையே. நியூயார்க்கின் ராக்பெல்லர் ஆய்வகத்தில் ஆஸ்வால்ட் ஏவரியும் வால்தர் கோபலும் 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், நிமோகாக்கஸின் சர்க்கரையைக் குதிரைச் சீரத்தின் புரதத்தோடு வேதியியலால் பிணைத்தார்கள். வெறும் சர்க்கரைக்கு மசியாத முயல்கள் இந்தப் பிணைப்புக்கு எதிர்ப்பொருள் சுரந்தன. புரதத்தைக் கண்டு டி-செல் வருகிறது, வந்த உதவியில் பி-செல் சர்க்கரையையும் கற்றுக்கொள்கிறது. விளிம்புச் செல்களைச் சுற்றிக்கொண்டு போக ஒரு மாற்றுப் பாதை. அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்துத்தான் இந்த யோசனை தடுப்பூசியானது: 1987இல் ஹிப் கிருமிக்கு, 2000இல் நிமோகாக்கஸுக்கு. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் 2011 டிசம்பரில் முதலில் தொடங்கிய பென்டாவேலன்ட் ஊசியில் இருப்பது இந்த ஹிப் தடுப்பூசிதான். நிமோகாக்கஸ் ஊசி 2017இல் சில மாநிலங்களில் தொடங்கி, 2021இல் நாடு முழுவதும் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் குழந்தைக்குத் தொடையில் போடும் அதே வகை ஊசிகளைத்தான், மாற்று சிகிச்சை செய்தவருக்கு மூன்று முதல் ஆறு மாதத்தில் தொடங்கி மீண்டும் முதலிலிருந்து போடுகிறார்கள். சிறுவயதில் போட்டதெல்லாம் பழைய மஜ்ஜையோடு போய்விட்டது.

மாற்று சிகிச்சை மண்ணீரலை முடக்குவதற்கு நேர் எதிரான ஒரு கதையும் இருக்கிறது. அரிவாள் செல் ரத்தசோகையில் வளைந்து விறைத்த சிவப்பணுக்கள் மண்ணீரலின் நுண்குழாய்களை அடைத்து, சிறு வயதிலேயே அதைச் செயலிழக்கச் செய்கின்றன. இந்தியாவில் இந்த மரபணுவை 1952இல் லேமனும் கட்புஷும் முதலில் கண்டது நீலகிரியின் பழங்குடி மக்களிடம்தான். பிரஸ்ஸல்ஸ் நகர மருத்துவர்கள் 1993இல் வெளியிட்ட ஆய்வில், மஜ்ஜை மாற்று செய்யப்பட்ட அரிவாள் செல் குழந்தைகளுக்கு, ஸ்கேனில் தெரியாமல் இருந்த மண்ணீரல் மீண்டும் வேலை செய்யத் தொடங்கியது. லுக்கேமியா நோயாளி ஒருவரின் மண்ணீரலை முடக்கும் அதே சிகிச்சை, வளைந்த அணுக்கள் வருவதை நிறுத்தியதும் இன்னொருவரின் மண்ணீரலை எழுப்பிவிடுகிறது. உறுப்பு அடியோடு வடுவாகிப் போகும் முன் செய்தால்தான் இது நடக்கும். அதனால் வயது முக்கியம்.

அரிவாள் செல் குழந்தைகளிடமிருந்துதான் இன்னொரு பாடமும் கிடைத்தது. 1986இல் அமெரிக்காவில் 215 சிறு குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், தினம் இருவேளை பென்சிலின் குடித்தவர்களுக்கு நிமோகாக்கஸ் ரத்தத் தொற்று 84 சதவீதம் குறைந்தது. வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வைக் குறித்த நாளுக்கு 8 மாதம் முன்பே நிறுத்திவிட்டார்கள். நாள்பட்ட ஜி.வி.ஹெச்.டி. உள்ள மாற்று நோயாளிகளுக்கும் எதிர்ப்பாற்றல் அடக்கும் மருந்துகள் நிற்கும்வரை இத்தகைய ஆன்டிபயாட்டிக் கொடுப்பதே இன்றைய வழக்கம். இருபது மாத்திரைகளுக்கு நடுவில் இந்த மலிவான பென்சிலின் தேவையில்லாதது போலத் தோன்றும். மாத்திரைகளைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் விடுவதும் இதைத்தான். மருத்துவரைக் கேட்காமல் அதை விடவே கூடாது.

ஸ்மியர் பார்ப்பதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. ஆனால் இன்று ரத்தம் எண்ணுவது பெரும்பாலும் இயந்திரம். அது அணுக்களின் எண்ணிக்கையையும் பருமனையும் துல்லியமாகச் சொல்லும், உள்ளே இருக்கும் ஒரு மைக்ரான் புள்ளியை நம்பகமாகச் சொல்லாது. மனிதக் கண் வேண்டும், தேடச் சொல்லி ஒருவர் எழுதியும் அனுப்ப வேண்டும். மாற்று சிகிச்சைக்குப் பின் வரும் பரிசோதனைகளில், குறிப்பாக ஜி.வி.ஹெச்.டி. உள்ளவருக்கு, 'ஹோவெல்-ஜாலி இருக்கிறதா பார்க்கவும்' என்ற ஒரு வரி லேப் சீட்டில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. புள்ளி இல்லாததால் மட்டும் மண்ணீரல் முழு பலத்தோடு இருக்கிறது என்று ஆகிவிடாது. புள்ளி இருந்தாலோ மண்ணீரலைச் சந்தேகித்தே ஆக வேண்டும்.

வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் உடனே செய்ய வேண்டியது. மாற்று சிகிச்சை செய்தவருக்குக் காய்ச்சலோ குளிர் நடுக்கமோ வந்தால், பாராசிட்டமால் கொடுத்துக் காலைவரை பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. ஸ்டீராய்டு சாப்பிடுபவருக்குக் காய்ச்சல் அடங்கியே தெரியும் என்பதால், அனல் குறைவாக இருப்பதை வைத்து ஆறுதல் அடையவும் கூடாது. அவசரப் பிரிவுக்குப் போய், மஜ்ஜை மாற்று நடந்தது, மண்ணீரல் வேலை செய்யாமல் இருக்கலாம் என்ற இரண்டு செய்திகளையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் சரி. ரத்தக் கல்ச்சருக்கு எடுத்தவுடன் முடிவுக்குக் காத்திராமல் ஊசி மருந்தைத் தொடங்குவார்கள். மலேரியா உள்ள ஊருக்குப் போவதானால் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. நாய் கடித்தால் எல்லோருக்கும் போல வெறிநாய்க்கடி ஊசி போட வேண்டும். அதோடு நாயின் வாயில் வாழும் கேப்னோசைட்டோஃபாகா என்ற பாக்டீரியா மண்ணீரல் இல்லாதவரின் ரத்தத்தில் கட்டுக்கடங்காமல் பெருகக்கூடியது என்பதால், அதற்கான ஆன்டிபயாட்டிக்கையும் கேட்டு வாங்கி அன்றே தொடங்கிவிட வேண்டும்.